களிம்பும் சான்றும்: தொல்லுலோகப் பொருட்காப்பின் வரலாறு

1. முன்னுரை

செம்பிற் களிம்பு என்னும் உவமை தமிழறிஞர்க்குப் புதியதன்று. உயிரைத் தொன்றுதொட்டே பற்றி நிற்கும் ஆணவமலத்தின் இயல்பை விளக்கப் புகுந்த சைவ சித்தாந்த நூலார், அது நெல்லுக்கு உமிபோலவும் செம்புக்குக் களிம்புபோலவும் உடனாய் நிற்பது என்றனர். இரசகுளிகையின் சேர்க்கையாற் செம்பின் களிம்பு நீங்குதல்போல, அருளால் உயிரின் மாசு நீங்கும் என்பது அவர்தம் கொள்கை. சமய நூலார்க்கு அவ்வுவமை பொருத்தமுடையதே. ஆனால், மண்ணின்கீழ்ப் பல நூற்றாண்டு கிடந்து வெளிப்பட்ட ஒரு செப்புக்காசை அல்லது வெண்கலப் படிமத்தைக் கையிலேந்தும் வரலாற்று ஆராய்ச்சியாளரும் களிம்பை வெறும் மாசு என்றே கருதலாமா? இவ்வினா எளிதாகத் தோன்றினும், இதற்கு உரிய விடை காண உலக அருங்காட்சியகங்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

தொல்லுலோகப் பொருள்களைத் துலக்கிப் பேணும் கலை எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியிற் சென்னை அருங்காட்சியகம் பெற்ற இடம் யாது, களிம்பைப் பற்றிய கருத்து மாற்றம் தமிழ் வரலாற்றுச் சான்றுகளை எவ்வாறு தொடுகின்றது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். காசிலும் செப்பேட்டிலும் காணும் எழுத்தைக்கொண்டு காலம் வரையறுக்கும் நாம், அவ்வெழுத்து நம் கண்ணுக்குப் புலனாகுமுன் அப்பொருளுக்கு என்ன நேர்ந்தது என்று வினவுதல் அரிது. அங்ஙனம் வினவாமையால் விளையக்கூடிய தீங்கு பெரிது என்பதே இங்கு நிறுவப்படுவது.

2. உலோகம் அழியும் முறை

பொன் ஒழிந்த பிற உலோகங்கள் பெரும்பாலும் மண்ணில் தூய உலோகமாகக் கிடைப்பதில்லை, கனிப்பொருளாகவே கிடைக்கின்றன. அக்கனியை உருக்கி மனிதன் உலோகமாக்குகின்றான். அவ்வாறு ஆக்கப்பட்ட உலோகம் மீண்டும் மண்ணை அடையுமாயின், நீரும் காற்றும் உப்பும் கூடி அதனைப் படிப்படியே பழைய கனிநிலைக்கே திருப்புகின்றன. நாம் துரு என்றும் களிம்பு என்றும் வழங்குவன இத்திரும்புதலின் விளைவுகளே.

செம்பிலும் வெண்கலத்திலும் இது பல அடுக்காக நிகழும். உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான ஆக்சைடு அடுக்கும், அதன்மேல் பசிய கார்பனேட்டு அடுக்கும், அவற்றின்மேல் மண்ணோடு கலந்த புற ஓடும் அமைவது பொது வழக்கு. இவ்வடுக்குகள் மெல்ல மெல்ல உருவாயின், பொருளின் பழைய மேற்பரப்பு அவற்றினுள்ளேயே சிதையாமல் நிற்கும். அதாவது, ஒரு காசின் மேலிருந்த உருவமும் எழுத்தும் உலோகத்தில் இல்லாதொழிந்தும், உலோகம் மாறிய களிம்பில் அவ்வாறே நிலைத்திருத்தல் கூடும். இக்கட்டுரைக்கு அடிப்படையான செய்தி இதுவே.

எல்லாக் களிம்பும் இங்ஙனம் அமைதியாக இருப்பதில்லை. மண்ணில் உப்பு மிகுந்திருப்பின், குளோரைடு என்னும் உப்புக்கூறு களிம்பின் அடியிற்சென்று உலோகத்தை ஒட்டித் தங்கும். பொருள் வெளியே எடுக்கப்பட்டபின், காற்றிலுள்ள ஈரமும் உயிர்வளியும் அதனை அடையும்போது, அது வெளிறிய பசும்பொடியாக மாறுகின்றது. உடன் அமிலமும் தோன்றுகின்றது. அவ்வமிலம் எஞ்சிய உலோகத்தைத் தாக்கி மீண்டும் அதே குளோரைடை உண்டாக்குகின்றது. ஈரம் உள்ளவரை இச்சுழற்சி ஓய்வதில்லை. இதனை வெண்கல நோய் என வழங்குவர். இது நுண்ணுயிரால் வருவது என்று கருதியோரும் முன்பு இருந்தனர். பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தலோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது வேதியியற் சுழற்சியே என விளக்கினார். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 42 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பின் இந்நோய் அடங்கியிருக்கும் என்பர். சென்னை போன்ற கடற்கரை நகரில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வளவினும் மிகுதியாதலின், இது நமக்கு ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று.

3. மேனாட்டில் காப்புக் கலையின் தோற்றம்

தொல்பொருளைத் துலக்குதல் பழங்காலந்தொட்டே உண்டு. எனினும் அதனை அறிவியற் முறையில் ஆராய்வதற்கென ஓர் அருங்காட்சியகத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது 1888-ஆம் ஆண்டிலாகும். பெர்லின் அரசு அருங்காட்சியகங்களில் பிரீட்ரிக் ராத்கென் என்னும் வேதியியலறிஞர் அதற்குத் தலைவராக அமர்த்தப்பெற்றார். அவர் 1898-இல் எழுதிய தொல்பொருட்காப்பு நூல் 1905-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. உலோகப் பொருளை மின்னோட்டத்தாற் களிம்பு நீக்கித் துலக்கும் முறையை அந்நூல் பலரும் அறியச் செய்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இத்துறையில் இறங்கியதற்கு முதல் உலகப்போர் காரணமாயிற்று. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நிலத்தடி இரயில் சுரங்கத்தில் வைக்கப்பட்ட பொருள்கள், போர் முடிந்தபின் வெளியே கொணரப்பட்டபோது பெரிதும் கெட்டிருந்தன. ஆராய்ந்து வழி கூறுமாறு அலெக்சாண்டர் ஸ்காட் என்னும் வேதியியலறிஞர் அழைக்கப்பெற்றார். 1920 அளவில் அங்கு ஆய்வுக்கூடம் தோன்றியது. பகைவனிடமிருந்து காத்த பொருளை ஈரத்தினிடமிருந்து காவாமையாற் பட்ட இழப்பே அந்நாட்டார்க்கு ஆசிரியராயிற்று. 1924-இல் அங்குச் சேர்ந்த ஹரால்டு பிளெண்டர்லீத் 1956-இல் வெளியிட்ட நூல் பல ஆண்டுகள் இத்துறைக்குக் கைந்நூலாய் விளங்கியது.

இதனிடையே, 1925-இல் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சார்பில் ஃபிங்க், எல்டிரிட்ஜு என்னும் இருவர் வெண்கலப் பொருள்களை மின்பகுப்பால் துலக்கும் முறையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். துலக்க வேண்டிய பொருளை எதிர்மின்முனையாக எரிசோடா கரைந்த நீரில் தொங்கவிட்டு, நேர்மின்முனையாக வேறோர் உலோகத்தை வைத்து, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். தீங்கு செய்யும் குளோரைடு பொருளைவிட்டு நேர்மின்முனை நோக்கிச் செல்லும். களிம்பு குறைந்து தளர்ந்து நீங்கும். பிறகு பொருளைத் தூய நீரில் நாள்தோறும் கழுவி உலர்த்துவர். முறை எளிது, செலவு குறைவு, பயன் கண்கூடு. ஆகலின் உலகெங்கும் அது விரைந்து பரவியது.

4. சென்னை ஆய்வுக்கூடம்

இந்தியத் தொல்லியல் துறை 1917-இல் வேதியியலறிஞர் ஒருவரை அமர்த்தி இப்பணியைத் தொடங்கிற்று. பின்னர் அதன் அறிவியற் கிளை தேராதூனில் நிலைபெற்றது. ஆயினும் உலோகப் படிமங்களின் செறிவால் சென்னை அருங்காட்சியகத்தின் நிலை தனிப்பட்டது. 1851-இல் நிறுவப்பெற்ற இவ்வருங்காட்சியகத்துக்கு, 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் ஒரு பெருவாயிலாய் அமைந்தது. நிலத்திற் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சித்தலைவர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. கிணறு தோண்டுங்காலும் ஏரோட்டுங்காலும் கடைக்கால் எடுக்குங்காலும் வெளிப்பட்ட படிமங்கள் இவ்வழியாகச் சென்னையை அடைந்தன.

தமிழகத்து மண்ணில் இத்துணைப் படிமங்கள் புதைந்து கிடந்தமைக்குக் காரணம் உண்டு. கி.பி. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு நேர்ந்த காலத்தும், அதன்பின் நிகழ்ந்த போர்க்காலங்களிலும், கோயிலார் உலாத்திருமேனிகளை நிலவறையிலும் மணலிலும் மறைத்தனர். மறைத்தோர் மறைந்தபின் மறைவிடமும் மறந்தொழிந்தது. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதற்கொண்டு ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றைப் பற்றிய டி. என். இராமச்சந்திரனின் ஆராய்ச்சி நூல் 1954-இல் வெளிவந்தது. அதற்குமுன் 1932-இல் கிரேவ்லியும் இராமச்சந்திரனும் சேர்ந்து சென்னை அருங்காட்சியகத்து இந்து சமய உலோகப் படிமங்களுக்கு விளக்க அட்டவணை எழுதியிருந்தனர்.

அட்டவணை எழுதுவோர்க்கு எதிரே இருந்த இடர் யாதெனின், அப்படிமங்கள் பலவற்றின்மேல் கல்லெனத் திரண்ட களிம்பும் மண்ணும் மூடிக் கிடந்தன என்பதே. கையிலேந்திய படைக்கலம் யாது, மார்பிற் கிடப்பது பூணூலா மாலையா, தலைக்கோலம் எவ்வகையது என்பவற்றை அறிந்தாலன்றிப் படிமத்தின் பெயரும் காலமும் துணிய இயலாது. அதனினும் பெரிய இடர், பல படிமங்களில் வெண்கல நோய் பரவி, அவை காட்சிப் பெட்டியிலேயே பொடியாகி உதிர்ந்தமை. இந்நிலையில் 1930-களில் சென்னையில் வேதியியற் காப்பு ஆய்வுக்கூடம் அமைந்தது. இந்திய அருங்காட்சியகங்களில் இவ்வகையில் எழுந்த தொடக்ககால ஆய்வுக்கூடங்களுள் அஃது ஒன்று. அங்குப் பணியாற்றிய டாக்டர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையைத் தென்னாட்டு வெண்கலங்களுக்கு ஏற்றவாறு அமைத்துப் பல படிமங்களை நோயினின்றும் மீட்டார். தஞ்சைப் பெரிய கோயிற் சுவரோவியங்களின் ஆக்கமுறையை ஆராய்ந்தவரும் அவரே.

இன்றைய அளவுகோலைக்கொண்டு அக்காலத்தாரைக் குறைகூறுதல் முறையன்று. அவர்கள்முன் இருந்த தெரிவு, களிம்போடு கூடிய படிமமா களிம்பற்ற படிமமா என்பதன்று. களிம்பற்ற படிமமா பசும்பொடியா என்பதே. கனமாகவும் திண்மையாகவும் வார்க்கப்பட்ட சோழர்காலப் படிமங்களில் உள்ளீடான உலோகம் பெரும்பாலும் கெடாதிருந்தமையால், களிம்பு நீங்கிய பின்னும் உருவம் எஞ்சியது. அக்காலத்துப் பணி இல்லையேல், இன்று நாம் கண்டு வியக்கும் படிமங்கள் சில நூற்குறிப்பாக மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும்.

5. கருத்து மாற்றம்

ஆயினும் மின்பகுப்பின் குறையும் நாளடைவில் வெளிப்பட்டது. அம்முறை தீய களிம்பு, அமைதியான களிம்பு என வேறுபாடு பாராட்டுவதில்லை. இரண்டையும் ஒருங்கே நீக்கிவிடும். உள்ளே உலோகம் திண்ணிதாக இருப்பின் உருவம் எஞ்சும். உலோகம் பெரும்பாலும் கனியாக மாறிய மெல்லிய பொருளாயின், பழைய மேற்பரப்பு முழுதும் ஒழிந்து, உள்ளே குழிகள் நிறைந்த ஒரு துண்டு மட்டும் கைக்கு வரும். பொருளோடு ஒட்டியிருந்த மண், துணியின் பதிவு, மரப்பிடியின் எச்சம் ஆகிய யாவும் அந்நீரிற் கரைந்து போகும்.

இதனால், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொருட்காப்பின் நோக்கமே மாறத் தொடங்கிற்று. பொருளைப் பளபளப்பாக்குதல் நோக்கமன்று. அழிவைத் தடுத்தலும் சான்றைக் காத்தலுமே நோக்கம் என்பது நிலைபெற்றது. உருப்பெருக்கியின்கீழ் சிறு கத்தியால் புற ஓட்டை மட்டும் அகற்றி, பழைய மேற்பரப்பு வரையில் சென்று நிற்றல். எக்சு கதிர்ப் படம் எடுத்து உள்ளமைப்பை முன்னரே அறிதல். 1967-இல் மாட்சென் என்பார் எடுத்துரைத்த பென்சோடிரையசோல் என்னும் பொருளைக்கொண்டு களிம்பை நீக்காமலே நோயை அடக்குதல். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய பெட்டியில் வைத்தல் என்னும் முறைகள் முன்வந்தன. கட்டடங்களைக் குறித்து 1964-இல் வெனிசு நகரில் வல்லுநர் வகுத்த கொள்கை விளக்கத்தில், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுக்கும் பணி நிற்றல் வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. உலோகப் பொருளுக்கும் அவ்விதி பொருந்தும் என்பது இன்று பெரும்பாலார் உடன்பாடு.

6. காசின் எழுத்தும் களிம்பும்

இம்மாற்றம் தமிழாராய்ச்சியைத் தொடும் இடங்களுள் முதன்மையானது பழங்காசு. சங்கச் செய்யுள்களிற் பயிலும் வழுதி, கோதை முதலிய பெயர்களுக்குச் செய்யுளுக்குப் புறத்தே சான்று உண்டா என்னும் வினா நெடுங்காலம் நின்றது. 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்திய பாண்டியர் செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் காணப்பட்டது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகைப் பகுதியிலிருந்து கிடைத்த சேரர் காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயர்கள் படிக்கப்பட்டன. சங்ககால வரலாற்றாராய்ச்சியில் இவை பெற்ற இடத்தை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இங்கு நாம் கருத வேண்டுவது, அத்தகைய எழுத்து எங்கே தங்கியிருக்கின்றது என்பதே. காசில் எழுத்து மேலெழுந்து நிற்கும்; அதன் உயரம் மயிரிழையளவே. காசின் மேற்பரப்பு களிம்பாக மாறியிருக்குமாயின், அவ்வெழுத்தும் களிம்பில்தான் நிற்கும். அக்காசைப் புளியிலிட்டுத் தேய்ப்பின், அல்லது அமிலத்தில் தோய்ப்பின், பளபளக்கும் செம்பு கைக்கு வரும், எழுத்து வாராது. தமிழக ஆற்றுப் படுகைகளிற் கிடைத்த காசுகளுள் எத்துணை இங்ஙனம் துலக்கப்பட்டு வாய்மூடிப் போயின என்பதை இனி எவராலும் கணக்கிட இயலாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. துலக்காத காசில் எழுத்துத் தெரிவதில்லை என்பதும் உண்மையே. புற ஓட்டை அகற்றினாலன்றி எந்தப் பெருவழுதியும் வெளிப்படான். ஆகவே துலக்குதல் கூடாது என்பது நம் கொள்கையன்று. எதுவரையில் துலக்குதல், எங்கே நிறுத்துதல் என்பதை அறிந்தோர் துலக்குதல் வேண்டும் என்பதே கொள்கை.

7. செப்பேடும் புள்ளியும்

செப்பேட்டில் நிலைமை சிறிது வேறு. அதில் எழுத்து உள்ளே வெட்டப்பட்டது. 1905-இல் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளை உடையது. அத்தகைய திண்ணிய ஏடுகளிற் களிம்பு நீங்கினும் ஆழமான வெட்டு நிலைத்திருக்கும். ஆனால் நுண்ணிய கீற்றுகள் அவ்வாறல்ல. ஒருமுறை வன்மையாகத் தேய்ப்பினும் மேற்கோட்டின் விளிம்பு மழுங்கும். மழுங்கிய விளிம்பைக்கொண்டு எழுத்தின் வடிவ வளர்ச்சியைக் கணித்தல் பிழைக்கு இடமாகும்.

புள்ளியைப் பற்றி ஒன்று கூறுதல் இங்குத் தேவையாகும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் அறிந்தார் யாவரும் அறிந்தது. பழந்தமிழ் எழுத்துப் பொறிப்புகளில் புள்ளி உண்டா இல்லையா என்பது காலத்தை வரையறுக்கும் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. உலோகத்தின்மேற் புள்ளி என்பது ஒரு சிறு குழி. வெண்கல நோய் உண்டாக்குவதும் சிறு குழியே. துலக்கியபின் எழுத்தின்மேற் காணும் குழி எழுதினோன் இட்ட புள்ளியா, உப்பு அரித்த தழும்பா என்பதைத் துலக்குவதற்குமுன் எடுத்த படமும், துலக்கினோர் எழுதிய குறிப்புமே காட்டும். அவையின்றி அப்புள்ளியின்மேல் ஒரு நூற்றாண்டைக் கட்டியெழுப்புதல் மணலின்மேல் மாடம் எடுத்தலை ஒக்கும். எழுதாத புள்ளியைக் கண்டு காலத்தைக் கீழிறக்குதலும், அழிந்த புள்ளியைக் காணாமல் காலத்தை மேலேற்றுதலும் ஒத்த பிழைகளே.

8. இரும்பின் நிலை

செம்பினும் இரும்பு விரைந்து கெடுவது. பொருநையாற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியராகிய ஜாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து, தாழிகளோடு பொன், வெண்கல, இரும்புப் பொருள்களை எடுத்தனர். ரீயின் பொருளட்டவணை 1915-இல் வெளிவந்தது. அங்குக் கிடைத்த இரும்பு வாள்களும் வேல்களும், பிற பெருங்கற்காலக் களங்களிற் கிடைத்தனவும் பெரும்பாலும் துருவாலேயே உருவம் தாங்கி நிற்பன. இத்தகைய பொருளிலிருந்து துருவை முற்றும் நீக்குதல் என்பது பொருளையே நீக்குதலாகும்.

மண்ணிலிருந்து எடுத்தவுடன் திண்ணிதாகத் தோன்றும் இரும்பு, சில திங்களிலேயே மேல்தோல் வெடித்துச் செதில்செதிலாக உதிர்தலைக் களப்பணியாற்றியோர் அறிவர். உள்ளே தங்கிய குளோரைடும் புதிதாகப் பட்ட காற்றுமே இதற்குக் காரணம். காரநீரில் நெடுநாள் ஊறவைத்து அவ்வுப்பை வெளியேற்றும் முறைகள் உண்டு. கடலடியிற் கிடைத்த இரும்பின்பொருட்டு 1975-இல் ஆஸ்திரேலியாவில் நார்த், பியர்சன் என்போர் வகுத்த காரச் சல்பைட்டு முறை அவற்றுட் சிறந்ததொன்றாகக் கருதப்படுகின்றது.

துரு எப்பொழுதும் பகையாவதில்லை என்பதற்குத் தில்லி இரும்புத்தூண் சான்று. பாஸ்பரம் மிகுந்த அவ்விரும்பின்மேல் படிந்த மெல்லிய படலமே அதனைப் பதினாறு நூற்றாண்டாகக் காத்து வருகின்றது என 2000-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். அத்தூணைத் தேய்த்துத் துலக்கின் அது கெடும்.

இரும்பைப் பற்றிய பேச்சு இன்று தமிழகத்தில் புதிய பொருள் பெற்றுள்ளது. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையில் சிவகளையின் காலக்கணிப்புகளுள் சில கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி வரை செல்கின்றன. இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடைபெற்று வருகின்றது. முடிவு எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. சிவகளையின் காலம் இரும்பை நேரே அளந்து பெற்றதன்று. இரும்போடு உடன்கிடந்த கரி முதலியவற்றை அளந்து பெற்றது. ஆகவே அவ்விரும்பும் அக்கரியும் ஒரே காலத்தில் ஓரிடத்தில் இருந்தன என்பதற்கு, இரும்பின் துருவில் ஒட்டிய மண்ணும் கரியும் தாழியின் துகளும் நேரடிச் சாட்சிகளாகும். அவற்றைக் கழுவிக் களைந்தபின், ஐயுறுவோர்க்கு நாம் காட்டத்தக்கது யாது?

9. பத்தூர் நடராசர் வழக்கு

களிம்பும் மண்ணும் சான்றாதல் வெறும் ஆராய்ச்சியாளர் கூற்றன்று. அயல்நாட்டு நீதிமன்றமும் ஏற்ற உண்மையாகும். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த விசுவநாதர் கோயிலின் அருகே 1976-இல் புதைந்திருந்த படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் திருமேனி கைமாறி இலண்டனை அடைந்து, கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் 1982-இல் விலைக்குப் பெறப்பட்டது. பேணுதற்பொருட்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த காலத்திலேயே இலண்டன் காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர்.

வழக்கில் எழுந்த முதல் வினா, இந்நடராசர் பத்தூர் நடராசர்தாமா என்பது. ஒத்த அமைப்புடைய சோழர் நடராசர் பலர் உளர் ஆதலின், கலைப்பாங்கை மட்டும் கொண்டு அதனைத் துணிதல் அரிது. அங்கே துணைநின்றவை திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், அதன்மேற் கறையான் சென்ற தடங்களும், உலோகத்தைப் பற்றிய ஆய்வுமாகும். புதையலில் உடன்கிடைத்த பிற படிமங்களோடு இவை ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988-இல் உயர் நீதிமன்றமும் 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றன. 1991-இல் நடராசர் தாயகம் திரும்பினார்.

அத்திருமேனியை வாங்கியோரோ விற்றோரோ முழுவதும் துலக்கிப் பளபளப்பாக்கியிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்பதைக் கற்போரே உய்த்துணர்க. நீக்கத்தக்க அழுக்கென்று எவரும் கருதக்கூடிய மண்ணே அப்பெருமானுக்கு ஊரையும் பெயரையும் மீட்டுத் தந்தது.

10. பதிப்பும் பொருட்காப்பும்

இக்கொள்கை தமிழறிஞர்க்கு அயலானதன்று. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இதே நெறியைத் தம் துறையில் முன்னரே கைக்கொண்டனர். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைக்காத செய்யுளைக் கிடைக்கவில்லை என்றும் சிதைந்த அடியைச் சிதைந்ததென்றும் காட்டினாரேயன்றி, தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. நிரப்பும் ஆற்றல் அவர்க்கு இல்லாமலன்று. நிரப்பின் அது புறநானூறு ஆகாது என்பதை அறிந்தமையால். செல்லரித்த ஏட்டின் இடைவெளியும் ஒரு செய்தி. பிரதிக்குப் பிரதி வேறுபடும் பாடமும் ஒரு செய்தி. அவற்றை மறைத்துச் செப்பமான பாடம் ஒன்றை மட்டும் அச்சிடும் பதிப்பு, கண்ணுக்கு இனிதாயினும் ஆராய்ச்சிக்கு உதவாது.

களிம்பு நீக்கி மினுக்கிய காசும் அத்தகைய பதிப்பே. அதன்மேல் ஆராய்ச்சி செய்வோன், துலக்கியோன் செய்த பாடத்திருத்தத்தைத் தன்னை அறியாமலே மூலமாகக் கொள்கின்றான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிழைபட்ட பதிப்பைச் சுவடி உள்ளவரை திருத்தலாம். பிழைபடத் துலக்கிய காசுக்கு வேறு சுவடி இல்லை.

வழிபாட்டில் உள்ள திருமேனிகள் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவை என்பதையும் இங்குக் கூறிவைத்தல் நன்று. நாள்தோறும் திருமுழுக்கும் பூசனையும் பெறும் திருமேனி அருங்காட்சியகப் பொருளன்று; அதனைத் துலக்குதல் வழிபாட்டு மரபைச் சார்ந்தது. மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனி மீண்டும் வழிபாட்டை அடைவதும் உண்டு. அப்பொழுது, துலக்குமுன் படமெடுத்து, மண்ணையும் களிம்பையும் சிறிது எடுத்துப் பதிவோடு காத்தல் ஒன்றே நாம் வேண்டத்தக்கது. பத்தூர் வழக்கு அவ்வேண்டுகோளுக்குத் தக்க காரணம் தரும்.

11. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொல்லுலோகப் பொருட்காப்பு களிம்பைப் பகையென்று கொண்டு தொடங்கி, அதனைச் சான்றென்று கொள்ளும் நிலைக்கு வளர்ந்துள்ளமை பெறப்படும். 1930-களில் சென்னையில் நிகழ்ந்த பணி அவ்வளர்ச்சியில் இன்றியமையாத ஒரு படி; அதன் பயனையும் எல்லையையும் ஒருங்கே அறிதல் நம் கடன்.

இதனின்றும் தமிழாராய்ச்சி மாணவர் கைக்கொள்ளத்தக்கன மூன்று. களப்பணியில் கிடைத்த உலோகப் பொருளை நீர், புளி, அமிலம் ஆகிய எவற்றாலும் தாமே துலக்காமல், உலர்ந்த நிலையில், ஒட்டிய மண்ணோடு, கிடைத்த இடமும் ஆழமும் குறித்து, பொருட்காப்பறிந்தோரிடம் சேர்த்தல் ஒன்று. காசு, செப்பேடு, படிமப் பீடம் ஆகியவற்றில் ஓர் எழுத்தைப் படித்து வெளியிடுங்கால், அப்பொருள் எவ்வாறு துலக்கப்பட்டது, துலக்குமுன் எடுத்த படம் உண்டா என்பதைக் கேட்டறிந்து கட்டுரையிலே குறித்தல் மற்றொன்று. அத்தகைய குறிப்பு இல்லாதவிடத்து, ஒரு புள்ளியையோ ஒரு கீற்றையோ மட்டும் நம்பிக் காலம் துணியாமை மூன்றாவது.

சங்ககாலக் காசுகளும் பெருங்கற்கால இரும்பும் இன்னும் மண்ணில் உள. அகழ்வாரும் மிகுந்து வருகின்றனர். வெளிப்படுவனவற்றுள் எவை சான்றாக நிலைபெறும் என்பதைத் தோண்டிய கையினும் துலக்கும் கையே துணிகின்றது. அக்கைக்கு வேண்டிய பொறுமையைக் கேட்டுப் பெறும் உரிமையும் கடமையும் எழுத்தைப் படிக்கும் நமக்கே உரியன.